ஒரே மாதிரி ரெண்டு படகு நின்னா எதுல ஏறுவீங்க?

1/ பரீட்சை லீவு வந்தாச்சு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து ஆண்டிப்பட்டி, தேனி, கம்பம் வழியா தேக்கடிக்கு வேன் கிளம்பும். புளியோதரை, பால்கோவா, ஏழெட்டுக் குழந்தைங்க. பெரும்பாலும் கடைசி நிறுத்தம் படகு சவாரி. அதைப் பத்தித்தான் இந்த இழை.

2/ தேக்கடியோ ஆலப்புழையோ, துறையில் பார்க்க ஒரே மாதிரி ரெண்டு படகு நிக்கும். நாம கேட்கிறது ரெண்டே கேள்வி: "எவ்வளவு?", "மேல் தளத்துல இடம் இருக்கா?" என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பான கேள்வி.

3/ 2009 செப்டம்பர் 30. தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்தது. பழைய ஓட்டைப் படகு இல்லைங்க, புதுசு.

4/ 2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூர். அதுவும் இரண்டடுக்குப் படகுதான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். விடுமுறை நாள், குடும்பத்தோடு வந்தவர்கள்.

5/ அலுமினியமா ஃபைபரா, பெயின்ட் புதுசா என்பதெல்லாம் அடுத்த விஷயம். மேலே ஆள் ஏற ஏற படகின் எடை மையமும் மேலே போகும். அப்புறம் கொஞ்சம் சாய்ந்தாலும் நிமிராது. அதனால என் ஓட்டு ஒற்றைத் தளப் படகுக்கு. மேலே இருந்து எடுக்கிற போட்டோ கிடைக்காது, பரவாயில்லை.

6/ அடுத்தது லைஃப் ஜாக்கெட். சீட்டுக்கு அடியில் கட்டி வச்சிருந்தா அது ஜாக்கெட் இல்லை, மூட்டை. கவிழ்ந்த பிறகு தேடி எடுத்து மாட்ட நேரம் இருக்காது. ஏறும் முன்னாடியே உடம்பில் இருக்கணும்.

7/ குழந்தைக்குக் குழந்தை சைஸ் வேணும். மாட்டி பக்கிள் போட்ட பிறகு தோள்பட்டைப் பகுதியைப் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினா, தண்ணியில் பிள்ளை கழன்று கீழே போயிடும். மடியில் பிடிச்சிருக்கேன்னு சொல்லாதீங்க. கவிழும்போது உங்க கை உங்க பேச்சைக் கேட்காது.

8/ மூழ்குறவங்க சினிமா மாதிரி கத்த மாட்டாங்க. மூச்சுக்கே போராடும்போது குரல் எங்கே வரும்? வெளியே எடுத்ததும் தலைகீழா பிடிச்சுச் சுத்துறது, வயித்தை அமுக்குறது ரெண்டும் வேண்டாம். மூச்சு இல்லைன்னா ஒருத்தர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருத்தர் உடனே வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுக்கட்டும். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சுன்னு தொடரணும். பிழைச்சு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழிச்சும் தெரிய வரலாம்.

9/ கடைசியா, கஷ்டமான விஷயம். ரெண்டு படகிலும் ஜாக்கெட் இல்லைன்னா? டிக்கெட் எடுத்தாச்சு, பிள்ளைங்க அழும், மச்சான் "ஒரு தடவைதானே டாக்டர்"னு சிரிப்பார். இறங்கிடுங்க. அந்தக் கூச்சம் வீடு வந்து சேர்றதுக்குள்ள மறந்துடும். பிள்ளைங்களுக்கு வழியில் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுங்க.

வேன் ஏறப்போற யாராவது இருந்தா இதைக் காட்டுங்க.