ஒரே குடை

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம். பாயசம் வரும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் நாலு முறை இருமிவிட்டுப் பந்திக்குள் புகையைத் தள்ளியது. பக்கத்து இலைக்காரர் டில்லியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பூலப் பையால் விசிறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “கரண்டுக்கு ஒரு மந்திரி, கரிக்கு ஒருத்தர், பெட்ரோலியத்துக்கு ஒருத்தர். எல்லாத்தையும் ஒரே குடைக்குள்ள கொண்டுவந்துட்டா இந்தத் தொல்லையே இருக்காது சார்.”

எதிர்வரிசையில் ஏழெட்டுத் தலைகள் ஆடின. எனக்குப் பாயசம் கசந்தது.

அந்தக் குடையை விரித்துப் பார்த்தாயிற்று ஐயா! எண்பதுகளில் எரிசக்தி அமைச்சகம் என்றே ஒன்று இருந்தது. மின்சாரம், நிலக்கரி, மரபுசாரா எரிசக்தி மூன்றும் அதன் துறைகள். அதன் நிழலில்தான் என் தலைமுறை மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தது.

பழங்கதை வேண்டாமா? 2014 மே முதல் 2017 செப்டம்பர் வரை மின்சாரம், நிலக்கரி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மூன்றுக்கும் பியூஷ் கோயல்தான் அமைச்சர். எந்தத் துறைக் கோப்பும் ஒரே மேஜைக்குத்தான் போயாக வேண்டும். 2015 நவம்பரில் ‘உதய்’ திட்டம் வந்தது. மின் விநியோக நிறுவனங்களின் கடனில் முக்கால் பங்கை மாநில அரசுகள் சுமக்கும், நிறுவனங்கள் நிமிர்ந்துவிடும் என்றார்கள். நிமிர்ந்த லட்சணம், 2020-ல் அவற்றுக்கு 90,000 கோடி ரூபாய்க்குப் புதுக் கடன் அறிவிக்க வேண்டியிருந்தது.

அதே கோயல் 2017 செப்டம்பரில் ரயில்வேக்குப் போனார், நிலக்கரியையும் கையோடு வைத்துக்கொண்டு. கரியும் அதை ஏற்றும் வேகனும் ஒரே ஆள் பொறுப்பில்! இதைவிடப் பெரிய குடை எந்தக் கடையில் கிடைக்கும்? 2018-லும் அனல்மின் நிலையங்களில் கரித் தட்டுப்பாடுதான். அவர் திறமையை நான் குறை சொல்லவில்லை, குடையைத்தான் சொல்கிறேன்.

ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலேறிப் பாரதீப் போகிறது, அங்கிருந்து கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. வழிநெடுக யாரும் ‘நீ எந்த அமைச்சகம்’ என்று கேட்பதில்லை, ‘பழைய பாக்கி என்னாச்சு’ என்றுதான் கேட்கிறார்கள். தேர்தல் பயத்தில் கட்டணம் ஏற்றாத அரசு, வாங்கிய மின்சாரத்துக்குக் காசு தராத விநியோக நிறுவனம், கரிக்குக் காசு தராத மின் நிலையம். எத்தனை துறைச் செயலர்களை ஒரே அறையில் உட்காரவைத்து முந்திரிப்பருப்பு கொடுத்தாலும் இந்த பாக்கி தீராது. உட்காரவும் வைத்தார்கள்: 2005-ல் பிரதமர் தலைமையிலேயே எரிசக்தி ஒருங்கிணைப்புக் குழு. 2006-ல் கிரித் பாரிக் குழுவின் தடித்த அறிக்கை. 2017-ல் நிதி ஆயோக்கின் தேசிய எரிசக்திக் கொள்கை வரைவு, வரைவாகவே நின்றுபோனது.

இதில் இன்னொரு கூத்து. டில்லியில் ‘சேர்’ என்கிற இந்த அறிவாளிகள்தான் மாநிலங்களிடம் ‘பிரி’ என்றவர்கள். 2003 மின்சாரச் சட்டத்தைக் காட்டி, 2010 நவம்பரில் தமிழ்நாடு மின்வாரியத்தைப் பிரித்தார்கள். 2024-ல் மறுபடியும் பிரித்தார்கள். சேர்த்தால் சுபிட்சமா, பிரித்தால் சுபிட்சமா, முதலில் அதையாவது பேசி முடிவு செய்யுங்கள்! ரசீதில் பெயர் மாறியிருக்கிறது. ஃப்யூஸ் போனால் எங்கள் தெருவுக்கு வருகிற லைன்மேன் மட்டும் மாறவில்லை. அதே ஆள், அதே ஏணி. முன்பு அவருக்கு ஒரு ஏரியா, இப்போது மூன்று.