மயிலுக்கு ஒரு பங்கு சரி, பன்றிக்கு எத்தனை பங்கு?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்க செங்கோட்டைப் பக்கமும் வெளியூர் ஆட்கள் நடமாட்டம் கூடிவிடும். போன சீசனில் தோட்டம் பார்க்க வந்த சென்னைத் தம்பி ஒருத்தர், வரப்பில் நின்ற மயிலைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க கொடுத்து வச்சவங்க" என்றார். கார் நெல்லுக்கு நாற்றங்காலில் பாவியிருந்த விதையை அந்த மயில் கூட்டம் அன்னைக்குக் காலையில்தான் கிளறித் தின்றிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கிட்ட அதை எப்படிச் சொல்ல? சிரிச்சு வைத்தேன்.

உயிர்கள் மேல எனக்குக் கோபம் கிடையாது. வயலில் பறவை உட்காரக் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி ஆந்தை வந்து எலி பிடிக்கும், பகலில் கரிச்சான் குருவி பூச்சி பிடிக்கும். சாரைப்பாம்பை அடிக்க விடமாட்டேன். மருந்து அடிச்சா கெட்ட பூச்சியோடு பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்து சாகும். அதனால இலையில நாலு ஓட்டை விழுந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. மயிலும் ஒரு பங்கு தின்னுட்டுப் போகட்டும்.

ஆனா பன்றிக் கணக்கு வேற. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் போதும், மரவள்ளியைத் தோண்டிப் போட்டு, தென்னங்கன்றையும் பிடுங்கிவிடும். மேக்கரை, வடகரைப் பக்கம் யானை தென்னையையே சாய்த்துக் குருத்தைத் தின்கிறது. திரும்பக் கன்று வைத்துக் காய் பார்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். பங்கு கேட்டால் கொடுக்கலாம், பானையையே கவிழ்த்தால் என்ன செய்ய?

2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிக்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டிச் சுடாமல் இருப்பது நியாயம்தான், அது அதோட வீடு. ஆனா மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறவனுக்குத்தான் சேதம் அதிகம். சுடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை என்றால் அவனுக்கு என்ன வழி?

வழி தெரியாதவன்தான் கம்பத்திலிருந்து நேராகக் கரண்டை இழுத்து வேலியில் விடுகிறான். அது யானையையும் கொல்லும், விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போற மனுஷனையும் கொல்லும். அதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோலார் வேலி விட்டுவிட்டு ஒரு உதறல் மட்டும் கொடுக்கும், உயிர் போகாது. அந்த மானியம் முதலில் காட்டோரத்து நிலத்துக்குக் கிடைக்கணும். இழப்பீடும் அடுத்த விதைப்புக்கு முன்னால கைக்கு வரணும்.

மயில் 1963-லேயே தேசியப் பறவை ஆயாச்சு. பறவை தேசத்துக்கு, தீனி மட்டும் என் கணக்கிலா? நகரத்துப் பிள்ளைகளே, எங்க ஊருக்கு வாங்க, மயிலைப் படம் பிடிங்க. விலங்கைக் காப்பாத்தணும்னு நீங்க பேசும்போது, இழப்பீட்டைச் சீக்கிரம் கொடுங்கன்னும் சேர்த்துப் பேசுங்க. செலவைப் பங்கு போட ஆள் இருந்தால், விளைச்சலில் பங்கு கொடுக்க எங்களுக்கும் மனசு வரும்.