ஸ்விட்ச்போர்டு வரை வரையுங்கள்

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளுக்கும் சேர்த்து 13 அவசர டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் துண்டானதும், பராமரிப்பில் இருந்தது போக மற்றவை ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 50 நிமிடத்தில் சுனாமி வந்தது. அதன் பிறகு மின்சாரம் தந்தது ஒன்றே ஒன்று.

காகிதக் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. தேவைப்படும் நேரத்தில் ஒரு ஜெனரேட்டர் கைவிடும் வாய்ப்பு 100-இல் 1 என்றால், இரண்டும் கைவிடும் வாய்ப்பு 10,000-இல் 1; மூன்றும் என்றால் பத்து லட்சத்தில் 1. ஒன்றின் பழுது மற்றதைத் தொடாது என்றால்தான் இப்படிப் பெருக்கலாம். ஃபுகுஷிமாவில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் நின்றன. புகுந்த நீர் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இதைவிடக் கவனிக்க வேண்டியவை 2, 4-ஆம் உலைகளுக்கென வைத்திருந்த இரண்டு காற்றுக்குளிர்ப்பு ஜெனரேட்டர்கள். தனிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த அவை மூழ்கவில்லை. அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்தனுப்பும் ஸ்விட்ச்போர்டுகள் கீழே இருந்தன, அவை மூழ்கின. நல்ல எஞ்சின் இருந்தும் பம்புக்கு மின்சாரம் போகவில்லை.

எரிபொருள் தொட்டி, எஞ்சின், பிரேக்கர், ஸ்விட்ச்போர்டு, கேபிள், பம்பு: ஆறும் தொடராக நிற்பவை. ஒவ்வொன்றும் 0.99 என்றாலும் மொத்தம் 0.94தான். நம்பகத்தன்மைக் கட்டப்படத்தில் எஞ்சினை மட்டும் இரண்டு பெட்டிகளாகப் போட்டுவிட்டு, இரண்டும் சேரும் இடத்தை வெறும் கோடாக விடுவது இந்தத் துறையின் பழைய பழக்கம். அந்தக் கோடு உண்மையில் ஒரு பஸ்பார். அதற்கும் ஒரு பெட்டி வேண்டும்.

ஒரே காரணம் எல்லாவற்றையும் வீழ்த்தும் இந்தச் சிக்கல் மென்பொருளில் இன்னும் கடுமை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் இரண்டு வழிகாட்டிக் கருவிகள் இருந்தன, இரண்டிலும் ஒரே நிரல். மாற்றுக் கருவி முதலில் விழுந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் முதன்மைக் கருவியும் அதே எண்மாற்றப் பிழையால் விழுந்தது.

பொதுக்காரணப் பழுதைக் கணக்கில் சேர்க்க பீட்டா காரணி இருக்கிறது: ஒரு கருவியின் பழுதுகளில் எத்தனை பங்கு மற்றவற்றையும் சேர்த்தே வீழ்த்தும் என்பதே அது. அதை 0.1 என்று கொண்டால், இரட்டை ஜெனரேட்டருக்குப் பொதுக்காரணப் பங்கு 0.001, தனித்தனிப் பழுதின் பங்கு 0.009 × 0.009, அதாவது 0.000081. கூட்டினால் 10,000-இல் 1 என்றிருந்தது ஏறத்தாழ 11 ஆகிவிடுகிறது. மூன்றாவது ஜெனரேட்டர் வாங்கினாலும் அந்த 0.001 அசையாது. அதைக் குறைக்க வேண்டுமானால் வேறு உயரம், வேறு அறை, வேறு வகை என்று பிரித்துத்தான் வைக்கவேண்டும்.

ஃபுகுஷிமாவைப் போல நீர் புகக்கூடும் என்பதற்குக் கல்பாக்கம் அணுமின் நிலையமும் சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த 2-ஆம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

ஆகவே பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த நம்பகத்தன்மை அறிக்கையில் கையொப்பமிடும் முன், எடுத்துக்கொண்ட பீட்டா மதிப்பையும், மாற்று ஏற்பாடுகள் எந்தத் தளத்தில் எந்த அறையில் நிற்கின்றன என்பதையும் முடிவெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஃபுகுஷிமாவில் மின்சாரம் தந்த அந்த ஒரே ஜெனரேட்டர் 6-ஆம் உலையுடையது, காற்றால் குளிர்வது. அதன் ஸ்விட்ச்போர்டும் தப்பியது. 5-ஆம் உலைக்கும் அதுவே மின்சாரம் தந்தது. மார்ச் 20 அன்று இரண்டு உலைகளும் குளிர்நிலைக்கு வந்தன.