புத்தகக் கடையில் ஒரு பெஞ்சு போடுங்கள்!

சம்பளம் வாங்கிய மாலையில் தொழிலாளி எங்கெல்லாம் நுழைகிறான்? மளிகைக் கடையில் நுழைகிறான். துணிக் கடையில் நுழைகிறான். டீக்கடையில் தோழர்களோடு அமர்கிறான். புத்தகக் கடை வாசலில் மட்டும் அவன் கால் தயங்குகிறது. ஏன்?

"அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்பர் சில மேதாவிகள். நாம் மறுக்கிறோம். டீக்கடையில் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பதை அவர்கள் கண்டதில்லையா? ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்து கேட்ட காலத்தை மறந்தார்களா? குறை தொழிலாளியிடம் இல்லை, கடையில் இருக்கிறது! அவன் ஆலைக்குள் இருக்கையில் கடை திறந்திருக்கிறது. அவன் வெளியே வருகையில் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே போனாலோ உட்கார இடமில்லை, "என்ன வேணும்?" என்ற அதட்டல்தான் கிடைக்கிறது.

வேறு வழி உண்டு. 1953-ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'சிட்டி லைட்ஸ்' என்ற சிறு கடையை, கவிஞர் லாரன்ஸ் பெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் தொடங்கினர். கெட்டி அட்டை நூல் வாங்க வசதியற்றவர்க்கென, மலிவான காகித அட்டை நூல்களையே விற்றனர். நள்ளிரவு வரை விளக்கெரிந்தது. வாங்காதவனும் உட்கார்ந்து படிக்கலாம். அக்கடை வெளியிட்ட கவிதை நூலொன்றை ஆபாசம் என்று 1957-ல் வழக்குப் போட்டார்கள். கடை பணியவில்லை; வழக்கில் வென்றது!

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. 1931-ல் மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டியில் நூல்கள் கிராமம் கிராமமாகப் போயின. நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் துணைநின்ற முயற்சி அது. படிப்பவனைத் தேடி அன்று புத்தகம் நடந்தது. இன்று ஏன் நடக்கக் கூடாது?

சிறு கடைக்காரர்களுக்கு நாம் சொல்வோம்: சம்பள நாளன்று இரவு பத்து மணி வரை திறந்திருங்கள். ஒரு பெஞ்சு போடுங்கள். வாரத் தவணைக்குக் கொடுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாயிலுக்குத் தள்ளுவண்டியில் நூல்களை அனுப்புங்கள். படித்து முடித்த நூலைப் பாதி விலைக்குத் திரும்ப வாங்குங்கள். ஞாயிறு மாலையில் ஒரு நூலை எடுத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள்; படிப்பவர் ஒரு தொழிலாளியாகவே இருக்கட்டும்.

"கைப்பேசியில் கேட்டால் தள்ளுபடியோடு வீட்டுக்கே வருகிறதே!" என்பார்கள். வருகிறது, நாம் கேட்ட புத்தகம் வருகிறது. நாம் கேட்கத் தெரியாத புத்தகத்தை எடுத்துக் கையில் வைப்பவர் கடைக்காரர் அல்லவா? புதுத் தாளின் மணமும், பழைய நூலின் முதல் பக்கத்தில் முகமறியாத ஒருவர் எழுதிய பெயரும், நடுவே மறந்து வைத்த பஸ் டிக்கெட்டும் தரும் மகிழ்ச்சியைத் தள்ளுபடி தருமா?

தோழர்களே! கடைக்காரருக்கும் வாடகை உண்டு, வயிறு உண்டு. நாம் நுழையாத கடை நாளை மூடும். அடுத்த கூட்டத்தில் பொன்னாடைக்கு ஒதுக்கும் காசில் புத்தகம் வாங்குங்கள். அதை உங்கள் ஊர்ச் சிறு கடையிலேயே வாங்குங்கள். பொன்னாடை பெட்டியில் மடங்கிக் கிடக்கும். புத்தகமோ கை மாறி, தெருவெல்லாம் சுற்றும்!