நொண்ட மறந்த கால்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். செருப்பில்லாமல் ஏறுவதே பக்தர்களின் வழக்கம். கடைசிக் கட்டத்தில் வரும் மோக்காலி மெட்டு, அதாவது முழங்கால் படி, ஆளைச் சோதித்துவிடும். ராமானுஜர் இங்கே முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றுபவர், ஒரே காலை முன்வைத்து ஏறுபவர் என்று பலரை அங்கே பார்க்கலாம். நொண்டுவது பலவீனமல்ல. வலிக்கும் இடத்துக்கு ஓய்வு தர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு.

கவலைப்பட வேண்டியது நொண்டாத சர்க்கரை நோயாளியைப் பற்றித்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய். பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குக் கல் குத்துவதும் தெரியாது, கொப்புளம் எழுவதும் தெரியாது. முதல் படியில் வைத்த மாதிரியே கடைசிப் படியிலும் காலை வைப்பார். புண்ணை ஊர் திரும்பிய பிறகுதான் பார்ப்பார். அலட்சியப்படுத்தினால் விரலோ காலோ போய்விடலாம்.

இந்த ஆபத்தைத் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தவர் டாக்டர் பால் பிராண்ட். சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றியவர். பாதம் சிதைவதற்குக் காரணம் வலி தெரியாமல் ஒரே இடத்தை மிதித்து மிதித்து ஏற்படும் காயமே என்றார். அவரும் சகாக்களும் மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை உருவாக்கினார்கள். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, அழுத்தம் பட்டால் உடைந்து சாயம் காட்டும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறையை அணிவித்து நோயாளிகளை நடக்கவைத்தார். சாயம் படிந்த இடம்தான் புண் வரக்கூடிய இடம்.

அந்த வேலையை இன்று சென்சார்கள் செய்கின்றன. கணுக்காலில் கட்டும் தீப்பெட்டி அளவுக் கருவியில் இருப்பவை செல்போனில் உள்ளது போன்ற சில்லுகள்தான். ஒன்று வேக மாற்றத்தை அளக்கும், மற்றொன்று சுழற்சியை. குதிகால் தரையைத் தொட்ட கணம், பாதம் எழுந்த கணம், இடது வலது வித்தியாசம் எல்லாம் பதிவாகும். காமிராக்கள் சூழ்ந்த பரிசோதனைக் கூடத்தில் பத்தடி நடந்து காட்ட வேண்டியதில்லை. படிக்கட்டிலும் வரப்பிலும் நடப்பதையே அளக்கலாம். அழுத்தத்தை அளக்கச் செருப்புக்குள் வைக்கும் சென்சார் அட்டை தனி. அழுத்தம் மிஞ்சினால் எச்சரிக்கும் இத்தகைய அட்டை, மறுபடி புண் வருவதை வெகுவாகக் குறைத்ததாக 2019-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கூறுகிறது.

ஆனால் பிராண்டின் அனுபவம் வேறு ஒன்றையும் சொல்கிறது. வலிக்குப் பதிலாக ஒலி எழுப்பும் கருவியையும் அவர் செய்து பார்த்தார். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தால், கருவியையே நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வலியை அப்படி நிறுத்த முடியாது. கருவி எச்சரிக்கும், உட்கார்ந்து காலைப் பார்ப்பது அவரவர் பொறுப்பு.

வெறுங்காலில் ஏறுபவருக்குச் செருப்புக்குள் வைக்கும் அட்டையும் கிடையாது. மரத்த பாதத்தோடு மலையேறலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம். மேலே போனதும், கோபுரத்தைப் பார்க்கும் முன் ஒரு முறை உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வதும் நல்லது.