லேபிள் அழிந்தால் பெயரும் அழியும்

வீட்டிலே ஊறுகாய் போட்டு விற்பதும், பொடி வகைகள் அரைத்து விற்பதும், செக்கில் ஆட்டிய எண்ணெயைப் புட்டியில் அடைத்து விற்பதும் இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பலவும் இத்தொழிலில் ஈடுபட்டிருக்கின்றன. சரக்கு நயமாக இருக்கிறது. விலையும் நியாயமாக இருக்கிறது. ஆனால் புட்டியின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்தால் சில சமயம் பரிதாபமாக இருக்கிறது. ஈரம் பட்டுத் தேதி கரைந்திருக்கிறது. பச்சைப் புள்ளி வழிந்து கறையாகியிருக்கிறது. விலை 120 ரூபாயா, 170 ரூபாயா என்பது தெரியவில்லை. உள்ளே இருப்பது அமிர்தமேயானாலும் இப்படிப்பட்ட புட்டியை வாங்க யாருக்கு மனம் வரும்?

லேபிள் வெறும் அலங்காரமல்ல. பண்டத்தின் பெயர், அதில் சேர்ந்த பொருள்கள், நிகர எடை, தயாரித்தவரின் விலாசம், 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்ற தேதி, தொகுதி எண் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவை தெளிவாகவும், அழியாமலும், எளிதில் படிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் கூறுகின்றன. இது வாங்குவோருக்கு மட்டுமல்ல, விற்போருக்கும் பாதுகாப்பு. ஒரு நாள் போட்ட ஊறுகாய் கெட்டுவிட்டால், தொகுதி எண்ணைப் பார்த்து அந்தச் சரக்கை மட்டும் திரும்ப வாங்கிவிடலாம். எண் அழிந்துவிட்டால் நல்லது எது, கெட்டது எது என்று எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதுதான்.

ஆகவே லேபிள் அச்சிட இங்க்ஜெட் வாங்குவதா, லேசர் வாங்குவதா என்பது சில்லறை விஷயமல்ல. ஆனால் கடையில் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் என்ன? நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் வரும், போனிலிருந்தே அச்சிடலாமா என்ற கதைதான். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்வது போன்றது அது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எழுத்து நிற்குமா?

இங்க்ஜெட் என்பது நீர்மையான மையைத் தெளிக்கும் யந்திரம். சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை ஊசியில் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதைக் கண்டு, 1977-ல் ஜப்பானின் கானன் கம்பெனியார் இதில் ஒரு முறையை வகுத்தார்கள். தலைமயிரினும் நுண்ணிய துளைகள் வழியாக மை தாளில் விழுந்து ஊறுகிறது. வண்ணம் அழகாக வரும், சந்தேகமில்லை. ஆனால் சாயத்தைக் கரைத்துச் செய்த மை, தண்ணீர் பட்டால் மறுபடியும் கரையும். நிறமித் துகள் கலந்த மை அவ்வளவு எளிதில் கரையாது. பல பிரிண்டர்களில் கறுப்பு மை மட்டும் நிறமி, மற்ற வண்ணங்கள் சாயம். எழுத்து நிற்க, பச்சைப் புள்ளி மட்டும் வழிந்தோடும் மர்மம் இதுதான்.

லேசரில் மையே கிடையாது. 1938-ல் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், மின்னூட்டத்தால் உலர்ந்த பொடியைத் தாளில் படிய வைக்கும் முறையைக் கண்டார். அதன் வழி வந்ததே லேசர் பிரிண்டர். டோனர் என்ற இந்தப் பொடியின் பெரும்பகுதி பிளாஸ்டிக். ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் தாள் நனையலாம், எழுத்து ஓடாது. வழவழப்பான தாளில் நகத்தால் சுரண்டினால் உதிரக் கூடும் என்பது மட்டுமே குறை.

செலவையும் பார்க்க வேண்டும். சிறிய இங்க்ஜெட் மலிவாகக் கிடைக்கும். அதன் மைப் பெட்டியோ கையைக் கடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! மைத் தொட்டி வைத்த பிரிண்டர்கள் வந்தபின் இக்குறை பெரும்பாலும் தீர்ந்திருக்கிறது. எனினும் வாரக்கணக்கில் சும்மா வைத்தால் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவும் மை செலவாகும். லேசர் யந்திரத்துக்கு முதல் கூடுதல். ஆனால் பொடி உலர்வதற்கு ஏதுமில்லை. மாதம் ஒரு முறை ஊறுகாய் போடுகிறவருக்கு இது பெரிய சௌகரியம்.

கறுப்பு லேசரில் பச்சைப் புள்ளி வராதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வண்ண லேசர் உண்டு. நான்கு நிறத்துக்கு நான்கு டோனர் வாங்க வேண்டும். சிறு தொழிலுக்கு அது கட்டுப்படியாவது கடினம். இதற்குச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. பெயர், படம், பச்சைப் புள்ளி, விலாசம் போன்ற மாறாத விவரங்களை அச்சகத்தில் மொத்தமாக அடித்துக்கொள்ளலாம். தேதி, தொகுதி எண், விலை ஆகிய மாறும் விவரங்களை மட்டும் வீட்டிலுள்ள கறுப்பு லேசரில் அச்சிடலாம். இந்தத் தாள் லேசரின் சூட்டைத் தாங்க வேண்டும் என்று அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பத்து வகைப் பண்டம் செய்து வகைக்கு இருபது புட்டி விற்பவருக்கு அச்சகச் செலவு தாங்காது. அவருக்கு இங்க்ஜெட்டே ஏற்றது. ஆனால் எல்லா நிறங்களும் நிறமி மையாக இருக்க வேண்டும், தாளும் நீர் தாங்கும் தாளாக இருக்க வேண்டும்.

தாளிலும் எச்சரிக்கை அவசியம். இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளை லேசரில் விட்டால் சூட்டில் உருகி யந்திரத்தையே பாழாக்கிவிடும். பாதி லேபிள்களை உரித்தெடுத்த தாளை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் மறுபடி விடுவதும் ஆபத்து. பிரிந்த லேபிள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால், மிச்சம் பிடித்தது ஒரு தாள், இழந்தது ஒரு யந்திரம்.

வாங்குமுன் ஒரு பரீட்சை செய்யலாம். கடையிலேயே ஒரு லேபிள் அச்சிட்டு வாங்கி, புட்டியில் ஒட்டி, ஈர விரலால் ஒரு முறையும் எண்ணெய் விரலால் ஒரு முறையும் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்து, வியர்க்கும் புட்டியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தேதி தெரிந்தால் அந்த யந்திரத்தை நம்பலாம். விற்பனையாளரின் பத்து வார்த்தைகளைவிட இந்த ஒரு புட்டியின் சாட்சி மேலானது.

தனியே வாங்க வசதியில்லாத குழுக்கள் நாலைந்து சேர்ந்து ஒரு லேசரைப் பொதுவில் வைத்துக்கொள்வது நல்லது. குழுக்களுக்குப் பயிற்சி அளிப்போரும் ஊறுகாயின் பக்குவத்தோடு லேபிளின் பக்குவத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புட்டியின் மேலுள்ள தேதி, முகம் தெரியாத ஒரு வீட்டின் குழந்தைக்கும் முதியவருக்கும் கொடுத்த வாக்கு. கொடுத்த வாக்கு ஒரு சொட்டுத் தண்ணீரில் கரையலாகாது.