எண்ணூர்க்காரனுக்கு எதுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட்?

ஐ.வி. சீசன் வந்தா போதும், எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பேச்சுதான். பெங்களூரு, கொச்சி, ஊட்டி, கொஞ்சம் தைரியமான கிளாஸா இருந்தா கோவா. நாலு நாள் பயணத்துல ரெண்டு மணி நேரம் ஏதாவது ஒரு ஃபேக்டரிக்குள்ள மஞ்சள் ஹெல்மெட் போட்டு ஒரு குரூப் போட்டோ. மீதி நேரம் போட் ஹவுஸ், கேம்ப் ஃபயர், டி.ஜே. இதைத் தப்புன்னு சொல்ல வரல. ஜாலியா போறதுக்கு ஒரு பேர் வேணும், அந்தப் பேர்தான் இண்டஸ்ட்ரியல் விசிட். ஹெச்.ஓ.டி.க்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

ஆனா ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு இந்தப் பக்கத்துல இருந்து வர்ற நம்மளை இண்டஸ்ட்ரி காட்ட பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போறது கொஞ்சம் காமெடி. மொட்டை மாடியில துணி காயப்போடும்போதே நமக்குப் புகைபோக்கி தெரியுது. துறைமுகம், ரிஃபைனரி, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை எல்லாத்தையும் பஸ் ஜன்னல்லயே பார்த்து வளர்ந்தவங்க நாம. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நின்ன நேரத்தைக் கூட்டினா ஆளுக்கு நாலு ஐ.வி. சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாம். நாம பார்க்காதது மலையைத்தான்.

மலைன்னதும் தடா ஃபால்ஸ்னு யாராவது சொல்வீங்க. எல்லை தாண்டி ஆந்திராவுல இருக்கற அந்த அருவிக்குப் போகாத பேட்ச் இல்ல. அங்கே குளிக்கப் போய் மூழ்கின பசங்க செய்தியும் படிச்சிருக்கோம். நான் சொல்றது திருவள்ளூர் மாவட்டத்துல, பூண்டி ஏரிக்குப் பக்கத்துல, அல்லிக்குழி மலையில இருக்கற குடியம் குகைகள். 2018 வரைக்கும் திருவொற்றியூர் தாலுகாவே திருவள்ளூர் மாவட்டம்தான், அதனால அதை வெளியூர்னு சொல்றதுகூட சரியில்ல.

குடியம் ஊர்ல இருந்து காட்டுப் பாதையில நடக்கணும். புதர்க்காடு, நிழல் கம்மி, காலுக்குக் கீழே உருளற கல். முதல்ல சின்னதா ஒரு குகை, அப்புறம் பெரியது. எல்லோரா மாதிரி தூணும் சிற்பமும் இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க. மலையோட வயித்தை யாரோ பெரிய கரண்டியால வழிச்சு எடுத்த மாதிரி ஒரு பாறைக் கூரை, உள்ளே ஊர்க்காரங்க கும்பிடற அம்மன். மேலே தேன்கூடு தொங்கும், ஸ்பீக்கரை வீட்டுலயே வெச்சிட்டுப் போங்க.

சிவில் படிக்கறவன் அங்கே நிமிர்ந்து பார்த்தா சிரிச்சிடுவான். கூரை முழுக்க கான்கிரீட்! எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு கூழாங்கற்கள். நடுவுல மண் இறுகிப் பிடிச்சிட்டிருக்கு. லேப்ல நாம அக்ரிகேட், மேட்ரிக்ஸ்னு சொல்ற அதே சமாச்சாரம். டைனோசர்கள் இருந்த காலத்துல ஆறுகள் உருட்டிட்டு வந்து கொட்டினது. ஜியாலஜியில கான்க்ளாமரேட்னு பேர். அந்தக் கற்கள்ல நிறைய குவார்ட்ஸைட். சரியான கோணத்துல தட்டினா கத்தி முனை மாதிரி உடையும். மழையில கழன்று விழுந்து ஓடைகள்ல உருண்ட இந்தக் கல்லைத்தான் ஆதி மனிதர்கள் எடுத்துக் கைக்கோடாரி செஞ்சாங்க.

அதுக்கு ஆதாரம் கொஞ்ச தூரத்துல இருக்கற அத்திரம்பாக்கம். ராபர்ட் ப்ரூஸ் ஃபூட்னு ஒரு ஜியாலஜிஸ்ட், 1863 மே 30 அன்னிக்குப் பல்லாவரத்துல ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பர் 28-ல வில்லியம் கிங்கோட சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சார். அவர் சேகரிச்ச தொகுப்பை 1904-ல மெட்ராஸ் மியூசியம் வாங்கிடுச்சு. எழும்பூர்ல இருக்கு, ராயபுரத்துல இருந்து பக்கம்தான்.

பெரிய செய்தி ரொம்ப நாள் கழிச்சு வந்தது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல வருஷம் அகழாய்வு செஞ்சாங்க. 2011-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த அவங்க குழுவோட கட்டுரைப்படி, அடியில கிடைச்ச கருவிகளோட வயசு சுமார் 15 லட்சம் வருஷம். எப்படி அளந்தாங்கங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. வெளியில கிடக்கற குவார்ட்ஸ் மேல காஸ்மிக் கதிர் படும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10னு ரெண்டு ஐசோடோப்பு உருவாகும். கல் ஆழமா புதைஞ்சதும் அது நின்னுடும். முதல் ஐசோடோப்போட ஹாஃப் லைஃப் சுமார் 7 லட்சம் வருஷம், இன்னொண்ணு சுமார் 14 லட்சம். விகிதத்தைப் பார்த்தா கல் புதைஞ்ச காலம் கிடைச்சிடும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல ஹாஃப் லைஃப் கணக்கை மார்க்குக்காகப் போட்டோமே, அதுதான் இது. 2018-ல 'நேச்சர்'ல இன்னொரு கட்டுரை வந்தது: அதே இடத்துல கருவி செய்யற முறை சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே மாற ஆரம்பிச்சதாம். செஞ்சவங்க யாருன்னு சொல்ல ஒரு மனித எலும்புகூட கிடைக்கல.

சரி, இதுக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம்?

அத்திரம்பாக்கம் இருக்கறது கொசஸ்தலை ஆத்துப் படுகையில. அந்த ஆறு 1944-ல கட்டி முடிச்ச பூண்டி நீர்த்தேக்கத்துல தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல கலக்குது. நம்ம கழிமுகம்தான். சாம்பல் படிஞ்சு மேடாகிப்போன அதே ஆறு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்தப்போ படகு, வலை, கூழைக்கடா இறக்கைன்னு எல்லாத்தையும் கறுப்பாக்கின அதே தண்ணி.

ஒரு ஆத்தோட கடைசிப் பகுதியை மட்டும் பார்த்து வளர்ந்தா, ஆறுன்னாலே இப்படித்தான்னு கண்ணு பழகிடும். என்விரான்மென்டல் பேப்பர்ல நாமளே 'ரிசீவிங் வாட்டர் பாடி'ன்னு ஒரு கட்டம் போட்டு, குழாயை அதுல கொண்டுபோய் முடிச்சிடறோம். கட்டத்துக்குப் பேர்கூட வைக்கறதில்ல. பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் நம்மள்ல சிலர் இந்த பெல்ட்லயே வேலைக்குச் சேருவோம். கழிவுநீர் ரிப்போர்ட்ல கையெழுத்து போடற நாற்காலியும் சிலருக்கு வரும். அந்தக் கட்டத்துக்கு மேலே இருக்கற ஆத்தை ஒரு தடவையாவது பார்த்தவன் கையெழுத்து போடறதுக்கும், பார்க்காதவன் போடறதுக்கும் வித்தியாசம் இருக்கும்னு நான் நம்பறேன். நிரூபிக்கச் சொன்னா முடியாது.

'அங்கே பார்க்க ஒண்ணுமே இல்லையே மச்சி'ன்னு ஒருத்தன் சொன்னான். ஓரளவு உண்மை. அத்திரம்பாக்கத்துல மழை அரிச்ச செம்மண் பள்ளமும் கூழாங்கல்லும்தான், ரீல்ஸுக்கு ஆகாது. இன்னொருத்தி கேட்டது இன்னும் சரியான கேள்வி: நாம அறுபது பேர் போனா அறுபது பாட்டில் அங்கே விழாதா? விழும், சும்மா கும்பலா போனா. 2024 அக்டோபர்ல வனத்துறை ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள்ல குடியமும் ஒண்ணு. புக் பண்ணி, வழிகாட்டியோட, சின்னச் சின்ன பேட்ச்சா போறதுதான் சரி. கல்லைப் பாக்கெட்ல போட்டுட்டு வராதீங்க. ஒரு கருவி எந்த மண் அடுக்குல, எந்த இடத்துல கிடந்ததுங்கறதுலதான் அதோட பாதி கதை இருக்கு. உங்க ஷோகேஸ்ல அது வெறும் கல்.

என் பிளான் ரெண்டு நாள். முதல் நாள் விடியற்காலையில குடியம், வெயில் ஏறினதும் பூண்டியில இருக்கற தொல்லியல் அருங்காட்சியகம், திறந்திருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கணும். ரெண்டாவது நாள் ஆத்தோட கீழே வரணும்: தாமரைப்பாக்கம், வல்லூர், கடைசியா முகத்துவாரக்குப்பம். அங்கே மீன்பிடிக்கறவங்ககிட்ட, அவங்க நேரம் கொடுத்தா, ஒரு மணி நேரம் பேசணும். ரயில்ல போனாலும் சரிதான். 1856-ல ராயபுரத்துல இருந்து தென்னிந்தியாவோட முதல் ரயில் போன பாதையிலதான் திருவள்ளூர் இருக்கு. செலவு ஊட்டிக்குப் போற பஸ் டீசல்ல பாதிகூட ஆகாது.

லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்து போட விருப்பம் இருக்கறவங்க சிவில் பிளாக் பக்கம் வாங்க. ஊட்டிக்குத் தனியா போயிக்கலாம், அதுக்கும் நான் வர்றேன்.